கார்பெட்டில் கவிழாமல் ஓட: வன்னி வெக்கையில் ஒரு ரூறிங் காரைத் தயார் பண்ணுதல்

ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் கலியாணம் வைப்பதில்லை. அந்த மாதங்களில் ஏ9 வீதியோர மண்டபங்கள் பூட்டியே கிடக்கும். கரண்ட் பில்லுக்கும் கூட்டித் துடைக்கிற ஆளுக்கும் காசு வந்தால் போதும் என்று முதலாளிமாரும் இறங்கி வருவார்கள். கிளிநொச்சியில் ரிமோட் கார் ஓட்டுகிற எங்கள் சின்னக் கூட்டத்துக்கு ஓட்டப் பருவம் என்றால் அதுதான். மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிற மணவறை மேடையில் ரிமோட்டோடு ஏறி நிற்போம். கீழே சனம் கதிரை போட்டு இருக்கிற இடத்தில் கார்பெட் விரித்துப் பாதை போட்டிருக்கும். உயரத்தில் நின்று முழுப் பாதையையும் பார்த்து ஓட்ட இதைவிட வசதியான மேடை வேறெங்கும் கிடைக்காது.

கார்பெட் என்றதும் தார் போட்ட காபெற் வீதியை நினைக்கவேண்டாம். மண்டபத்தில் வாசலிலிருந்து மணவறை வரை விரிப்பார்களே, அந்த மெல்லிய துணிக் கம்பளம். ஊசியால் குத்தி அடர்த்தியாக்கிய செயற்கை நார் அது. வெளிநாட்டில் ரிமோட் கார் (ஆர்சி) ஓட்டத்துக்கென்றே விற்கிற கார்பெட்டும் இதே இனம்தான், அடர்த்தியும் கனமும் அதிகம். நாங்கள் பந்தல் கதிரை வாடகைக்கு விடுகிற கடையில் 2 மீற்றர் அகல உருளைகளாக எடுத்துப் பக்கம் பக்கமாக விரிக்கிறோம். மண்டபத் தரை மாபிள் என்றால் கார்பெட் வழுக்கி அலையடிக்கும். நேரே தரையில் இருபக்க ஒட்டு ரேப்பைப் போட்டால் கழற்றும்போது பசை மாபிளில் நின்றுவிடும், மண்டபக்காரர் அடுத்தமுறை திறப்புத் தரமாட்டார். முதலில் தரையில் பெயின்ற் அடிப்பவர்கள் ஒட்டுகிற காகித மாஸ்கிங் ரேப், அதன் மேலே இருபக்க ரேப், அதன் மேலே கார்பெட். கழற்றும்போது எல்லாம் ஒன்றாகவே உரிந்து வரும். உருளைகள் சந்திக்கும் ஓரங்களை நேர்பாதையின் நீளவாட்டுக்கு வரும்படி விரிக்கவேண்டும். வளைவின் நடுவில் குறுக்கே ஓரம் வந்தால் எவ்வளவு செற்றப் (காரின் அளவுகளைத் திருத்தி வைக்கிற வேலை) பார்த்தாலும் கார் அந்த இடத்தில் துள்ளும்.

பாதையின் விளிம்புக்குத் தோட்டத்துக்கு இறைக்கிற நீல ஹோஸ்தான். மணல் கொஞ்சம் நிரப்பி இரண்டு நுனியையும் கட்டிவிட்டால் எந்த வளைவுக்கும் வளைந்து கொடுக்கும், மோதுகிற காரையும் உடைக்காது. செருப்பை வெளியே கழற்றச் சொல்லி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை, கலியாண மண்டபத்துப் பழக்கம் அப்படியே வேலை செய்யும். ஆனால் சோளகம் அடிக்கிற ஆடி மாதத்தில் செம்மண் புழுதி யன்னல் இடுக்காலும் வரும். காற்று வருகிற பக்கத்து யன்னல்களைச் சாத்தவேண்டும், சாத்தினால் உள்ளே வேகும். வெக்கையா புழுதியா என்று கேட்டால் நான் வெக்கைக்குத்தான் கை தூக்குவேன். வெக்கைக்கு ஒயிலை மாற்றலாம், புழுதிக்கு மாற்று இல்லை.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. ரூறிங் கார் என்பது நிஜக் காரில் பத்தில் ஒன்று. அகலம் 190 மி.மீ., நான்கு சக்கரமும் இழுக்கும். எங்களில் அரைவாசிப் பேரிடம் இருப்பது தமியா ரிரி-02. 2013இல் வந்த, தண்டு மூலம் நான்கு சக்கரத்தையும் இழுக்கிற, பிளாஸ்டிக் தொட்டிபோன்ற சட்டம். மற்றவர்களிடம் பெல்ற்றில் ஓடுகிற காபன் பைபர் கார்கள், பெரும்பாலும் வெளிநாட்டில் யாரோ ஓட்டிவிட்டுக் கைமாறியவை. ஆரம்பிக்கிறவருக்கு நான் ரிரி-02தான் சொல்வேன். உடையாது, உடைந்தாலும் மலிவு. ஆனால் கிட்டோடு வருகிற ஷொக்கில் (அதிர்வைத் தாங்குகிற குழாய்) ஒயில் கிடையாது, வெறும் உராய்வுதான். கார்பெட்டுக்கு அது சரிவராது. ஒயில் ஷொக், புஷ் இருக்கிற இடங்களிலெல்லாம் 11க்கு 5 மி.மீ. போல் பேரிங், கம்பர் (சக்கரத்தின் சாய்வு) திருத்தக்கூடிய மேல் ஆர்ம் இந்த மூன்றையும் போட்ட பிறகுதான் செற்றப் என்ற கதையே.

இனி விசயத்துக்கு வருகிறேன். இணையத்தில் பெரிய ஓட்டக்காரர்களின் செற்றப் ஷீற் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். எந்த ஒயில், எந்த ஸ்பிரிங், எத்தனை ஷிம் (இடைவெளிக்குப் போடுகிற மெல்லிய வளையத் தகடு) என்று வடிவாக எழுதியிருப்பார்கள். அதை அப்படியே போட்டுவிட்டு, உலகச் சம்பியன் காரைப் போலவே கார் ஓடவேண்டும் என்று பொடியள் எதிர்பார்ப்பார்கள். அந்த ஷீற்றில் ஒரு மூலையில் மண்டபத்தின் வெப்பநிலை என்று ஒரு கட்டம் இருக்கும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் கார்பெட் ஓட்டம் என்பது பெரும்பாலும் குளிர்காலத்து வேலை. வெளியே ஓட முடியாததால்தான் உள்ளே வருகிறார்கள்.

ஷொக் ஒயில் போத்தலில் 350, 400, 450 என்று எழுதியிருப்பது சென்டிஸ்ரோக் கணக்கு, 25 பாகை செல்சியசில் அளந்தது. சிலிக்கன் ஒயில் சூட்டுக்கு இளகும். இன்ஜின் ஒயில் அளவுக்கு இல்லைத்தான், ஆனாலும் 10 பாகை ஏறினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தடிப்புப் போய்விடும். 18 பாகை மண்டபத்தில் ஒருவர் 400 போட்டு ஓடினார் என்றால் அவருடைய ஷொக்குக்குள் இருந்த தடிப்பு உண்மையில் 460 மட்டில். ஆடி மாதத்து மத்தியானம் எங்கள் மண்டபம் 34 பாகை. அங்கே அதே 460 வேண்டுமென்றால் 550 ஊற்றவேண்டும். 400ஐயே ஊற்றினால் கிடைப்பது 340 போலத்தான். கார் வளைவில் சாய்ந்து விழுகிறது, ஹோஸில் மோதிய பிறகு இரண்டு மூன்று தரம் ஆடுகிறது என்று பொடியள் முறையிடுவதில் பாதி இதுதான். மார்கழியில் மழை பெய்து மண்டபம் 27 பாகைக்கு இறங்கினால் அதே காருக்கு 475 போதும். எனக்கு ஆடிக்கு ஒரு போத்தல், மார்கழிக்கு ஒரு போத்தல் இருக்கிறது. ஷீற்றிலிருந்து முதலில் மாற்றுவது இந்த ஒரு எண்ணைத்தான். பின்னால் சொல்லப்போகிற ஒன்றிரண்டைத் தவிர மற்ற எண்கள் ஓரளவுக்கு ஊர் பார்க்காது.

ஒயில் ஊற்றும்போது பிஸ்ரனை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் குமிழ் எல்லாம் மேலே வரும்வரை விடுங்கள். பத்து நிமிடமாவது நிமிர்த்தி வைக்கவேண்டும். மூடிய பிறகு நான்கையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள், உள்ளே சளசளத்தால் காற்று இருக்கிறது. நான்கும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். வேர்னியர் கலிப்பரால் அளந்து 0.1 மி.மீ. வித்தியாசத்தையும் விடாதீர்கள்.

அளவு எடுப்பதற்கு முந்திய வேலை ஒன்று உண்டு. பரந்தன் பக்கம் ரக்ரர் கராஜ் வைத்திருக்கிற அண்ணை ஒருவர் எங்களுக்குச் சின்னச் சின்னக் கடைசல் வேலை செய்து தருவார். ஒருநாள் நான் ரோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கிற அளவு) அளந்துகொண்டிருக்க, காரைக் கையில் வாங்கி முன் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“தம்பி, உது இவ்வளவு ஆடுது. நீ எந்த அளவை அளக்கிறாய்?”

“ஒரு பாகை ரோ அவுட் வைக்கப்போறன் அண்ணை.”

“ஆட்டமே ரண்டு பாகை வரும் போல கிடக்கு. முதல்ல ஆட்டத்தை எடு, பிறகு அளவு பார். ரக்ரருக்கும் உதுதான்.”

அவர் சொன்ன ஒழுங்கைத்தான் இப்போது எல்லோரும் பின்பற்றுகிறோம். ஷொக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மைத் தூக்கி விட்டால் தன் பாரத்திலேயே தொப்பென்று விழவேண்டும். இடையில் நின்றால் துளையைத் துப்புரவாக்கிச் சீராக்க வேண்டும். விழுந்தாலும் முன்பின்னாக நகரக்கூடாது, நகர்ந்தால் ஷிம் போடவேண்டும். போல் கப் (கம்பிகளின் நுனியில் குண்டைக் கவ்வுகிற பிளாஸ்டிக் மூட்டு) தளர்ந்திருந்தால் புதிது. பேரிங்கைக் கையில் சுழற்றினால் கரகரக்கக்கூடாது. எங்கள் புழுதியில் பேரிங் விரைவில் கரகரக்கும். சக்கரத்தைக் கழற்றினால் அச்சைச் சுற்றிக் கார்பெட் நார் நூல்போல் சுற்றியிருக்கும், அது பேரிங்குக்குள் போனால் ஒயிலை உறிஞ்சிவிடும். ஊசியால் எடுத்துவிடுங்கள். சேர்வோ (முன் சக்கரங்களைத் திருப்புகிற சின்ன மோட்டர்) கையை நடுவில் வைத்து, இடமும் வலமும் சக்கரம் ஒரே அளவுக்குத் திரும்புகிறதா என்று ரிமோட்டில் பார்த்துச் சரிசெய்யுங்கள். இவ்வளவும் செய்தால் காரின் பாதி வருத்தம் தீர்ந்துவிடும்.

அளப்பதற்குத் தட்டையான ஒரு பலகை வேண்டும். செற்றப் போர்ட் என்று காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. குசினி மேசைக்குக் கிரனைற் வெட்டுகிற இடங்களில் மிஞ்சிய துண்டு கேட்டால் தருவார்கள். 40 செ.மீ.க்கு 50 செ.மீ. துண்டு, 2 செ.மீ. தடிப்பு, ஒருக்காலும் வளையாது. அதை மேசையில் வைத்து மேசன்மாரின் நீர்மட்டத்தால் பார்த்து, கடதாசி மடித்து முண்டுகொடுத்துச் சமப்படுத்தினால் சரி.

தரை உயரம் பார்க்கக் கருவி விற்கிறார்கள். எங்கள் கருவி ட்ரில் பிற்றுகள்தான். 5 மி.மீ., 5.5 மி.மீ. பிற்றுகளின் வழுவழுப்பான தண்டுப் பக்கத்தைச் சட்டத்துக்குக் கீழே உருட்டுங்கள். பற்றரி உட்பட எல்லாம் ஏற்றி, ஓடுகிற ரயரோடு, காரை இரண்டு தரம் அமுக்கி விட்ட பிறகுதான் பார்க்கவேண்டும். 5 தட்டாமல் போய் 5.5 தட்டினால் கார்பெட்டுக்குச் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அதைவிட உயர்த்தினால் கார் உருளும். குறைத்தால் எங்கள் கார்பெட்டின் மேடு பள்ளத்தில் சட்டம் உரசும், வளைவில் உரசிய காருக்கு ஸ்ரியறிங் இல்லாமல் போகும். மண்டபம் வழுவழுப்பாக இருந்து கார்பெட் இறுக்கமாக விரித்திருந்தால் மட்டும் 5க்குக் கிட்டப் போகலாம்.

அடுத்தது முறுக்கு. மோதிய காரின் சட்டம் கண்ணுக்குத் தெரியாமல் முறுகியிருக்கும். ஒரு கால் குட்டையான வாங்கைப்போல் மூலைக்கு மூலை பாரம் மாறும், இடப்பக்கம் திரும்பும்போது ஒரு கார், வலப்பக்கம் திரும்பும்போது வேறொரு கார். சட்டத்தின் முன்பக்க நடுவில் ஸ்குறூ ட்ரைவர் நுனியை வைத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன் ரயரும் ஒரே நேரத்தில் பலகையை விட்டுக் கிளம்பவேண்டும். பின்பக்கமும் அப்படியே. ஒன்று முந்தினால் முதலில் ரோல் பாரை (கார் சாய்வதைக் குறைக்க இடவலப் பக்கங்களை இணைக்கிற கம்பி) கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். இப்போது சரியென்றால் ரோல் பார் இணைப்புகளின் நீளம் சமமில்லை. இன்னும் முந்தினால் மேல்தட்டின் ஸ்குறூக்களை எல்லாம் கொஞ்சம் தளர்த்தி, சட்டத்தைக் கிரனைற்றில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்ப இறுக்குங்கள். ஒவ்வொரு பெரிய மோதலுக்குப் பிறகும் இது கட்டாயம். ஸ்பிரிங் மாற்றுகிறவன் கனபேர், இதைச் செய்கிறவன் குறைவு.

இனித்தான் கார்பெட்டின் உண்மையான தொல்லை. காலமை விரித்த கார்பெட்டில் கார் வழுக்கும். எல்லோரும் பிடிமானம் தேடி மென்மையான ஸ்பிரிங், கூடுதல் ஸ்ரியறிங் என்று போவார்கள். ஓட ஓட ரயரின் றப்பரும் பிடிமானத்துக்காக அதில் பூசிய மருந்தும் கார்பெட்டில் படிந்து, ஓடுகிற கோடு மட்டும் கறுத்து மினுங்கத் தொடங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கோட்டில் பிடிமானம் ஏறிவிடும். காலமைக்கு வழுக்கிய கார் இப்போது வளைவில் வெளிப்பக்க முன் ரயரில் தடுக்கி, உள்பக்கச் சக்கரங்களைத் தூக்கி, கூரை கீழே வரக் கவிழும். கிறிப் ரோல் என்பது இதுதான். இறுதி ஓட்டம் பின்னேரம்தான் நடக்கும், ஆனபடியால் காலமைக் காருக்குச் செற்றப் பார்ப்பது வீண்வேலை. காலமை கொஞ்சம் மந்தமாக, முன்பக்கம் திரும்ப மறுக்கிற காராக இருந்தால் சந்தோசப்படுங்கள்.

கவிழ்கிற காருக்கு மருந்து கனக்க இருக்கிறது. காசில்லாத மருந்திலிருந்து தொடங்கவேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். ரிமோட்டில் ஸ்ரியறிங் அளவை ஐந்து வீதம் குறைப்பது முதலாவது, அரை நிமிட வேலை. இரண்டாவது, முன் ரயருக்கு மருந்து பூசுகிற அகலம். பின் ரயருக்கு முழு அகலமும் பூசுங்கள், முன் ரயருக்கு உள்பக்க அரைவாசி மட்டும். பிடிமானம் ஏற ஏற அதையும் குறைக்கலாம். மூன்றாவது தரை உயரம். அதன்பிறகுதான் சாமான் மாற்றம். முன் ரோல் பாரை 1.2 மி.மீ. கம்பியிலிருந்து 1.3க்கு மாற்றுவது சின்ன மாற்றமாகத் தெரியும். முறுக்கிற கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் அது ஏறக்குறைய 38 வீதம் கூடிய விறைப்பு. 1.4 போட்டால் 85 வீதம். ஆகவே ரோல் பாரில் பாய்ந்து போகவேண்டாம். அதற்குப் பிறகு விறைப்பான ஸ்பிரிங். பெரிய கம்பனிகள் கார்பெட்டுக்கென்று காபன் சட்டத்துக்குப் பதிலாக அலுமினியச் சட்டம் விற்பதும் இந்த ஒரே காரணத்துக்குத்தான், பாரம் கீழே இறங்கினால் கவிழ்வது குறையும். எங்களுக்கு அது ஆடம்பரம்.

இவ்வளவையும்விட வேலை செய்வது முன் ரயரின் வெளிப்பக்கச் சுவருக்குச் சுப்பர் குளூ பூசுவது. கார் சாயும்போது றப்பர்ச் சுவர் மடிந்து, மிதிபரப்பைத் தாண்டி அந்தச் சுவரும் கார்பெட்டில் பட்டுக் கவ்வும், அங்கேதான் கார் தடுக்கும். குளூ காய்ந்தால் சுவர் கண்ணாடிபோல் விறைத்து வழுக்கிவிடும். பூசுகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் அவசரப்பட்டு ரயரைப் பழுதாக்குவது இங்கேதான். முதலில் சுவரைக் கழுவும் அற்ககோலால் துடைத்து, மருந்தும் மெழுகும் போகக் காயவையுங்கள். ஒரு சின்னக் கிளாசைக் கவிழ்த்து அதன் மேலே ரயரை வெளிப்பக்கம் மேலே வர வையுங்கள். தண்ணிபோல் ஓடுகிற மெல்லிய குளூதான் வேண்டும், தடித்த ஜெல் சரிவராது. பல்லுக் குத்தும் ஈர்க்கு நுனியில் ஒரு துளி எடுத்து, றிம் விளிம்பிலிருந்து தொடங்கி மிதிபரப்பு ஆரம்பிக்கிற வளைவுக்கு 1 மி.மீ. உள்ளேயே நிறுத்தி வட்டமாக இழுங்கள். ரயரைத்தான் சுற்றவேண்டும், கை அசையக்கூடாது. குளூவின் ஆவி கண்ணை எரிக்கும், மூக்கைக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம், காற்றாடியை முதுகுப் பக்கம் விடுங்கள். ஒரு தடித்த பூச்சு வெடித்து உரியும், இரண்டு மெல்லிய பூச்சு நிற்கும். மார்கழி ஈரத்தில் குளூ சட்டென்று இறுகி வெள்ளை பூத்ததுபோல் வரும், அதனால் ஓட்டத்துக்கு ஒன்றுமில்லை. குளூ மிதிபரப்புக்கு ஏறிவிட்டால் 400 ஆம் இலக்க எமரி பேப்பரால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து எடுக்கலாம். இரண்டு முன் ரயரிலும் பூச்சின் அகலம் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கத்துக்கு அதிகமாகத் திரும்பும், நீங்கள் மூன்று மணித்தியாலம் ரோவைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

ரயர் மருந்து என்றேன். றப்பரை மென்மையாக்குகிற எண்ணெய் அது. பூசி 20 நிமிடமளவில் ஊறவிட்டு, ஓட முன்னர் நன்றாகத் துடைக்கவேண்டும். ஈரத்தோடு இறக்கினால் முதல் இரண்டு சுற்று ஐஸில் ஓடுவதுபோல் இருக்கும், வாடகைக் கார்பெட்டிலும் கறை விழும். மணமில்லாத வகையை மட்டும் பாவியுங்கள். ஆவணி பிறந்ததும் அந்த மண்டபத்தில் கலியாணம் இருக்கிறது. ரயரில் எழுதியிருக்கிற எண்களில் பெரும்பாலான வகைகளுக்கு எண் கூடினால் சூட்டுக்கு, குறைந்தால் குளிருக்கு. எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வகை ரயர் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறோம், சண்டை குறைவு, செலவும் குறைவு.

கம்பர், ரோ இவற்றுக்கு நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. நான்கு சக்கரமும் மேல்நுனி உள்ளே 1.5 முதல் 2 பாகை சாய்வு. கைபேசியில் சாய்வு காட்டுகிற செயலி இருக்கிறது, இல்லாவிட்டால் தச்சரின் மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்துங்கள். 62 மி.மீ. உயர ரயரில் மேல் விளிம்புக்கும் மட்டத்துக்கும் இடைவெளி 2 மி.மீ.க்குச் சற்றுக் கூட வந்தால் அது 2 பாகை. ஓடிய பிறகு மிதிபரப்பைப் பாருங்கள், அகலம் முழுக்க ஒரேபோல் தேய்ந்திருந்தால் கம்பர் சரி. பின் சக்கரங்கள் 3 பாகை உள்நோக்கி, முன் சக்கரங்கள் நேராக அல்லது ஒரு பாகை வெளிநோக்கி. ட்ரூப் என்பது, காரை மேலே தூக்கும்போது ரயர் கிளம்ப முன்னர் சட்டம் எவ்வளவு எழும்புகிறது என்பது. முன்னால் 2 மி.மீ., பின்னால் 3 மி.மீ. என்று தொடங்குங்கள். முன்னுக்குக் குறைவாக இருந்தால் காரின் மூக்குத் துள்ளாது.

பெல்ற் கார் வைத்திருப்பவர்களுக்கு: முன்னால் ஸ்பூல் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற அச்சு), பின்னால் கியர் டிஃப் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற பற்சக்கரப் பெட்டி). டிஃப் ஒயிலும் சிலிக்கன்தான், அதே சூட்டுக் கணக்கு இதற்கும் உண்டு. 5000 போட்டு ஓடுகிறார்கள் என்றால் இங்கே 7000 வைத்துத் தொடங்கலாம். தடித்த ஒயிலில் வளைவிலிருந்து வெளியேறும்போது இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகத் தள்ளும். ஆனால் அளவு மிஞ்சினால் பின்பக்கம் சொல்லாமல் விலகும். ரிரி-02காரர் முன் டிஃப்பில் தடித்த கிறீஸ் அடைத்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

மோட்டர் சூடு வன்னியில் தனிக்கதை. 5 நிமிட ஓட்டம் முடிந்து இறக்கியதும் மோட்டர் கோது 75 பாகைக்குள் இருக்கவேண்டும். 18 பாகையில் ஓடுகிறவருக்கு ஏறுவதற்கு 57 பாகை இடம் இருக்கிறது, எங்களுக்கு 41தான். ஆகவே ஷீற்றில் சொன்ன பினியனைவிட (மோட்டர் அச்சிலுள்ள சின்னப் பற்சக்கரம்) ஒன்றோ இரண்டோ பல்லுக் குறைத்துத் தொடங்குங்கள். ரிரி-02இல் கிட்டோடு வருகிற 70 பல் ஸ்பரும் (பினியன் சுழற்றுகிற பெரிய பற்சக்கரம்) 22 பல் பினியனும், உள்ளிருக்கிற கியரையும் சேர்த்தால் 8.27க்கு 1 என்ற விகிதம், சின்ன மண்டபத்துக்கு அதுவே போதும். சூடு பார்க்கக் கொரோனா காலத்து நெற்றி வெப்பமானியை எடுத்து வராதீர்கள். அது மனித உடம்புக்கானது, 43 பாகைக்கு மேல் வெறும் பிழைச் செய்திதான் காட்டும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற கைத்துப்பாக்கி மாதிரி வெப்பமானி வேண்டும்.

பற்றரிக்கு இரண்டு செல் லிப்போ (லித்தியம் பொலிமர்), 7.4 வோல்ற். 5000 மில்லி அம்பியர் மணி என்றால் 5 அம்பியரில் சார்ஜ் பண்ணுங்கள், ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். கரண்ட் போனால் 12 வோல்ற் வாகனப் பற்றரியில் பிடிக்கிற சார்ஜராக வாங்கினால் ஓட்டம் நிற்காது. ஓட்டம் முடிந்து வைக்கும்போது ஒரு செல்லுக்கு 3.8 வோல்ற், நிறையவும் வேண்டாம், வெறுமையாகவும் வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே கூடாது. வெளிநாட்டுக்காரர் பழைய வெடிபொருள் பெட்டியில் லிப்போ வை, பாதுகாப்பு என்று எழுதுவார்கள். வன்னியில் அப்படியொரு பெட்டியை வீட்டில் வைத்து யாருக்கு விளக்கம் சொல்வது? பெரிய மண்சட்டி, அடியில் மணல், பக்கத்தில் ஒரு வாளி மணல்.

சாமான்கள் வருவது கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் கோடை விடுமுறைக்கு ஊர் வருகிற சித்தப்பா, மாமாமாரின் பெட்டிகளில்தான். அவர்களிடம் கேட்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. போல் கப், பினியன், ஷிம், ஸ்பிரிங், ஒயில் போத்தல், ரயர் இவைதான் பாரம் குறைந்தவை, இங்கே கிடைக்காதவை. ஒயில் பெரிய பெட்டியில் போகலாம். லிப்போவைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில் மட்டும், முனைகளை ரேப்பால் மூடி. 7.4 வோல்ற் 5000 பற்றரி 37 வாற் மணி, விமானக் கம்பனிகள் பொதுவாகக் கைப்பையில் விடுகிற 100 வாற் மணி எல்லைக்குள் தாராளமாக அடங்கும். தீப்பற்றக்கூடிய ரயர் மருந்தை யாரிடமும் கொடுத்து விடாதீர்கள், விமான நிலையத்தில் மாமாவுக்குத்தான் அவமானம்.

கவிழ்கிற காரைத் தூக்கி வைப்பது முந்திய ஓட்டத்தில் ஓடியவர்களின் வேலை. யாரும் ஓடியவுடன் சோடா குடிக்கப் போகமுடியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஒரு வரி எழுதி வைக்கச் சொல்கிறேன்: மணி, மண்டபத்தின் வெப்பநிலை, என்ன மாற்றினேன், கார் என்ன செய்தது. இப்படி எழுதிய கொப்பி இருந்தால் அடுத்த ஆடியில் உலகச் சம்பியனின் ஷீற்றைத் தேடவேண்டி வராது.

முடிந்ததும் கார்பெட்டை வெயிலில் போடாமல், ஓடிய பக்கம் உள்ளே வரச் சுருட்டுங்கள். அப்போதுதான் படிந்த றப்பரில் புழுதி ஏறாது, அடுத்தமுறை பிடிமானம் சீக்கிரம் வரும். வாடகைக் கடைக்காரரிடம் அதே உருளைகளைத்தான் திரும்பத் தரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாங்கள் உருளைகளின் பின்பக்கத்தில் இலக்கம் எழுதியிருக்கிறோம். மற்றக் கலியாணங்களுக்கு அவர் வேறு சிவப்புக் கார்பெட்டை அனுப்பிக்கொள்வார்.